ஜங்ஷன் ஹோட்டலா, தெருவுக்குள் பழைய வீடா: நெல்லையில் அறை எடுக்குமுன்

திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் அறை தேடும்போது முதலில் படத்தைப் பார்க்கிறார்கள், அடுத்து வாடகையை, கடைசியில்தான் ரயில் நேரத்தை. வரிசை தலைகீழாக இருக்கிறது. இந்த ஊரில் அறையைத் தீர்மானிப்பது கடிகாரம். சென்னையிலிருந்து வரும் நெல்லை எக்ஸ்பிரஸ் காலை ஏழு மணியை ஒட்டி இறக்கிவிடும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியுமுன்பே ஜங்ஷன் வந்துவிடும். 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத், இரவு பத்தரை வாக்கில் வந்து சேர்கிறது. சென்னைக்குத் திரும்புவது காலை ஆறு மணியை ஒட்டி. எதில் வருகிறோம், எதில் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுத் தேடினாலே பாதி இடங்கள் தானாகக் கழிந்துவிடும்.

மீதி இருப்பவை இரண்டு வகை. ஜங்ஷனைச் சுற்றியும் மதுரை ரோட்டிலும் மாடி மாடியாக நிற்கும் பெரிய ஹோட்டல்கள் ஒரு வகை: லிஃப்ட், ஜெனரேட்டர், கீழே சாப்பாட்டுக் கடை, இரவெல்லாம் ஆள் இருக்கும் ரிசப்ஷன். பழைய வீட்டைச் செப்பனிட்டு நாலு முதல் பத்து அறை வரை வைத்து நடத்தும் சிறு விடுதிகள் மற்றது. நெல்லையப்பர் கோயில் இருக்கும் டவுன் பக்கம், தாமிரபரணிக் கரையோர ஊர்கள், தென்காசி, குற்றாலம் வழியில் தோப்புகள் என்று இவை சிதறிக் கிடக்கின்றன. பொட்டிக் ஹோட்டல், ஹெரிடேஜ் ஸ்டே, ஹோம்ஸ்டே என்று பலகையில் எது எழுதியிருந்தாலும் உள்ளே நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்.

வாடகைக் கணக்கு எங்கே தொடங்குகிறது

ஜங்ஷன் பக்கம் பல ஹோட்டல்களில் இன்னும் 24 மணி நேரக் கணக்கு உண்டு. காலை 7 மணிக்குச் சாவி வாங்கினால் மறுநாள் காலை 7 வரை அறை உங்களுடையது. இன்னொரு முறை பகல் 12-க்குப் பகல் 12. சிறு விடுதிகளில் பெரும்பாலும் மதியம் 1 அல்லது 2 மணிக்குத்தான் அறை தருவார்கள், காலை 10 அல்லது 11-க்குக் காலி செய்யச் சொல்வார்கள். இடையில் உள்ள அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரே அம்மாவோ இரண்டு பேரோ எல்லா அறையையும் பெருக்கித் துடைத்து விரிப்பு மாற்றவேண்டும். அதனால் ‘கொஞ்சம் முன்னாலேயே குடுங்களேன்’ என்று கேட்டு அங்கே பயனில்லை. முந்தின நாள் அறை காலியாக இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் திண்ணைதான்.

இதைப் பணமாக்கிப் பாருங்கள். வாடகை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சனி காலை 7-க்கு இறங்கி ஞாயிறு இரவு ரயிலேறுகிறவருக்கு 24 மணி நேரக் கணக்கில் ஞாயிறு காலையோடு ஒரு நாள் முடிகிறது. மீதிப் பகலுக்கு அரை நாள் வாடகை பேசினால் 3,000. பேசாமல் விட்டால் இரண்டு முழு நாள், 4,000. பகல் 12 கணக்கு உள்ள இடத்தில் முன்னதாக நுழைய அரை வாடகை, பின்னதாகக் காலி செய்ய அரை வாடகை என்று அதே 4,000-க்கு வந்து நிற்கும். அரை நாள் வாடகையைச் சாவி வாங்கும்போதே பேசவேண்டும். ஞாயிறு காலை கல்லாவில் நின்று பேசினால் எடுபடாது.

இதில் அதிகம் பேர் விழும் குழி ஒன்று உண்டு. நேரில் வருகிறவர்களுக்கு 24 மணி நேரம் தரும் அதே ஹோட்டல், முன்பதிவுத் தளம் வழியாக வந்தவருக்குப் பகல் 12 கணக்கைத்தான் தரும், ஏனென்றால் தளத்தில் அப்படித்தான் பதிந்திருக்கிறது. காலை ரயிலில் வருகிறவர் தளத்தில் பணம் கட்டிவிட்டு ரிசப்ஷனில் சண்டை போடுவது இதனால்தான். தளத்தில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். நேரக் கணக்கை ஹோட்டலின் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

காலை ரயிலில் இறங்கி மதியம் சிறு விடுதிக்குப் போகிறவர்களுக்கு இடைப்பட்ட நேரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ரயில் நிலைய ஓய்வறைகளை ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் பி.என்.ஆர். எண்ணை வைத்துப் பதியலாம். டிக்கெட் உறுதியானதாகவோ ஆர்.ஏ.சி. ஆகவோ இருக்கவேண்டும், வெயிட்டிங் லிஸ்ட் செல்லாது. குளித்து உடை மாற்றி, நெல்லையப்பரைப் பார்த்துவிட்டு, பதினொன்றரைக்குப் பெட்டியோடு கிளம்பினால் அம்பாசமுத்திரம் பக்கம் அறை தயாராகும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். கோயில் ஜங்ஷனிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர். பகல் பன்னிரண்டரை அளவில் நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதை மறக்கவேண்டாம்.

படியும் குளியலறையும்

கூட வருகிறவர்களில் எழுபது தாண்டியவர் ஒருவர் இருந்தாலே பழைய வீட்டைப் பற்றி இரண்டு முறை யோசிக்கவேண்டும். நெல்லைப் பக்கத்து வீட்டின் கட்டுமானம் அப்படி. திண்ணை, தார்சா, பட்டாசல் எனும் கூடம், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒரே கோட்டில் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு நிலைவாசலிலும் ஒரு படி தாண்டவேண்டும். கழிப்பறை என்பது அந்தக் காலத்தில் வீட்டுக்குள் கிடையாது. விடுதியாக்கும்போதுதான் உள்ளே நுழைத்திருக்கிறார்கள். பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே கழிவுக் குழாயைச் சாய்வாகப் பதிக்கவேண்டியிருப்பதால் குளியலறைத் தரை அறைத் தரையைவிட ஆறு முதல் ஒன்பது அங்குலம் உயர்ந்து நிற்கும். பகலில் அது கண்ணில் படும். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து போகிற பெரியவருக்குப் படாது. ஏறும்போது பிரச்சினையில்லை, ஈரக் காலோடு இறங்கும்போதுதான் வழுக்கும்.

ஆகவே படம் கேட்டால் குளியலறை வாசலின் படத்தைக் கேளுங்கள். தளத்தில் போடுவது பித்தளைக் குழாயும் ஆத்தங்குடி ஓடும்தான். வாசல், கழிப்பறைக்கு அருகே பிடிகம்பி, மேலே காற்றுப் போக ஜன்னலோ எக்ஸாஸ்ட் விசிறியோ இருக்கிறதா என்ற மூன்றும் ஒரே படத்தில் தெரிந்துவிடும். அறை மூலையைத் தடுத்து நாலுக்கு ஆறு அடியில் செய்த, ஜன்னல் இல்லாத குளியலறை என்றால் இரண்டாம் நாளே துண்டு நாறும். அந்த அறை வேண்டாம்.

மச்சு அறை பார்க்க அழகு. ஆனால் பழைய மச்சுப் படி செங்குத்து: ஒவ்வொரு படியும் ஒன்பது, பத்து அங்குல உயரம் இருக்கும், இப்போதைய வீடுகளில் ஆறு, ஏழுதான். கைப்பிடி ஒரு பக்கம் இருந்தாலே பெரிது. மூட்டுவலி உள்ளவர்கள் ஏறிவிடுவார்கள், இறங்குவதற்குத்தான் ஆள் வேண்டும். நிலையின் உயரமும் குறைவு. ஆறடிக்காரர்கள் முதல் நாள் இரண்டு முறையாவது இடித்துக்கொள்வார்கள்.

பெரிய ஹோட்டலில் லிஃப்ட் இருக்கிறதே என்று அடுத்த கேள்வியை விட்டுவிடக் கூடாது. லிஃப்ட் வரை போக எத்தனை படி? ஜங்ஷன் வட்டாரத்தில் மழைநீர் நுழையாமலிருக்க வாசலைத் தூக்கிக் கட்டிய கட்டடங்களில் தெருவிலிருந்து ரிசப்ஷனுக்கே நாலைந்து படி இருக்கும். சக்கர நாற்காலி என்றால் சாய்தளம் உண்டா என்பதோடு குளியலறைக் கதவின் அகலத்தையும் கேட்கவேண்டும். நாற்காலி சுமார் 25 அங்குலம். பல ஹோட்டல்களில் குளியலறைக் கதவு இரண்டு அடி, இரண்டேகால் அடிதான். இரண்டரை அடி இருந்தால்தான் இடிபடாமல் உள்ளே போகும். மின்சாரம் போனால் லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா என்பது கடைசிக் கேள்வி. ‘ஓடும்’ என்று சட்டென்று வரும் பதில் நம்பத்தக்கது.

வெந்நி, கரண்ட், ஏ.சி.

நாலு பேர் உள்ள குடும்பம் காலை ஆறு மணிக்குக் குளித்துக் கிளம்பவேண்டுமென்றால் ஹீட்டரின் கொள்ளளவு தெரிந்திருக்கவேண்டும். சிறு விடுதிகளில் வழக்கமாக மாட்டுவது 15 லிட்டர் ஹீட்டர். அதில் 60 டிகிரிக்குச் சூடான தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் குளிக்கிற பதத்தில் நாற்பது லிட்டர், அதாவது இரண்டு வாளி கிடைக்கும். அது தீர்ந்தபின் 2 கிலோவாட் ஹீட்டர் மறுபடி சூடாக்க ஏறக்குறைய 17 நிமிடம். நாலு பேருக்கு இரண்டு சுற்று. ஷவரில் நிற்கிறவர் ஒருவர் இருந்தால் மூன்று. முதல் ஆள் குளித்துவிட்டு வந்ததும் சுவிட்சை அணைத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. சோலார் வெந்நி வைத்திருக்கும் இடங்களில் வெயில் காலத்தில் குறையே இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலு நாள் தொடர்ந்து மேகமூட்டம் என்றால் கைவிட்டுவிடும். துணைக்கு மின் ஹீட்டர் உண்டா என்று கேளுங்கள். பெரிய ஹோட்டல்களில் வெந்நி சில சமயம் மணிக் கணக்கில் வரும், காலை 6 முதல் 9 வரை என்பதுபோல. திருச்செந்தூரில் அதிகாலை தரிசனம் என்று நாலு மணிக்கே கிளம்புகிறவருக்கு அந்த வெந்நியால் உபயோகமில்லை.

கரண்ட் விஷயத்தில் பெரிய ஹோட்டல் கை ஓங்கித்தான் இருக்கும். மின்வாரியம் துணை மின்நிலையப் பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் காலை ஒன்பது மணியிலிருந்து பிற்பகல் வரை நிறுத்துவது நெல்லையிலும் வழக்கம். எந்தப் பகுதி, எந்த நாள் என்று முந்தின நாள் செய்தித்தாளில் வரும். சிறு விடுதியில் இருப்பது இன்வெர்ட்டர். 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்று, ஓர் அறையின் விசிறி, விளக்கு மட்டும் என்றால் பன்னிரண்டு மணி நேரம்கூடத் தாங்கும். அதே பேட்டரியில் ஐந்து அறையும் தொங்கினால் மூன்று மணி நேரத்தில் மூச்சுவிட்டுவிடும். ஏ.சி. அதில் ஓடாது. பெரிய ஹோட்டலிலும் ஜெனரேட்டர் இருக்கிறது என்பதும் ஜெனரேட்டரில் ஏ.சி. ஓடும் என்பதும் வேறு வேறு. டீசல் கணக்குப் பார்த்து விளக்கையும் விசிறியையும் மட்டும் கொடுக்கிற இடங்கள் உண்டு.

சித்திரை, வைகாசி வெயிலில் தங்குகிறவர்கள் மாடி அறையைக் கேட்டு வாங்கவேண்டாம். மேல்தளம் முழுக்கக் காங்கிரீட் என்றால் பகலில் குடித்த வெயிலை நடு இரவு வரை உள்ளே கக்கிக்கொண்டிருக்கும். மேற்குச் சுவரும் சேர்ந்தால் ஒரு டன் ஏ.சி. திணறும். தடித்த சுவரும், மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் தளமும் உள்ள பழைய வீட்டின் கீழ் அறை பகலில் நன்றாகவே குளுமையாக இருக்கும். ஓட்டுக் கூரை அறைக்கு ஏ.சி. மாட்டியிருந்தால் உள்ளே பொய்க்கூரை அடித்திருக்கிறார்களா பாருங்கள். இல்லாவிட்டால் ஓட்டு இடுக்கு வழியே குளிர் முழுவதும் வானத்துக்குப் போய்விடும், உங்களுக்குச் சத்தம் மட்டும் மிஞ்சும்.

கொசுவைப் பற்றி ஒரு வரி. வயலோரம் விடுதி என்றால் மாலை ஐந்தரைக்கே ஜன்னலை அடைக்கச் சொல்வார்கள். வலை அடித்த ஜன்னலா, வெறும் கம்பியா என்று கேட்டுவிட்டுப் போகவேண்டும்.

சத்தம் எல்லா இடத்திலும் உண்டு

ஜங்ஷன் ஹோட்டல் என்றால் ரயில் சத்தம் என்று நினைக்கிறார்கள். ரயிலைவிடப் பேருந்தின் ஏர் ஹாரன்தான் தூக்கத்தைக் கெடுக்கும். ரோட்டைப் பார்த்த அறையைத் தவிர்த்துப் பின்பக்க அறையைக் கேளுங்கள், மூன்றாம் மாடிக்கு மேல் என்றால் இன்னும் நல்லது. ஆனால் பின்பக்கம் கீழே சமையலறை இருந்தால் புகைபோக்கி மோட்டார் காலை நாலரைக்குத் தொடங்கும். லிஃப்டை ஒட்டிய அறையும் வேண்டாம். அதே கட்டடத்தில் விழா மண்டபம் இருந்தால் முகூர்த்த நாளில் தப்பவே முடியாது. கல்யாணக் கூட்டம் ஒரு மாடி முழுவதையும் எடுத்திருக்கும், இரவு ஒரு மணி வரை வராந்தாவில்தான் உறவு கொண்டாடுவார்கள்.

அமைதிக்காகத் தெருவுக்குள் பழைய வீட்டுக்குப் போகிறவர்கள் கேட்க மறக்கிற கேள்வி: ‘அந்த வாரம் பக்கத்துல கொடை ஏதும் இருக்கா?’ கொடை என்பது ஊர்க் கோயில் திருவிழா. அம்மன் கோயில் கொடை, சுடலைமாடன் கொடை என்றால் குழாய் ஒலிபெருக்கியும் வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் விடிய விடிய நடக்கும். மார்கழியில் நாலரைக்கே பாட்டு போட்டுவிடுவார்கள். கொடையைப் பார்க்கவே வருகிறவருக்கு அது கொண்டாட்டம். கைக்குழந்தையோடு வருகிறவருக்கு இரண்டு இரவு போச்சு.

சாப்பாடு

பெரிய ஹோட்டலின் கீழ்த்தளத்தில் காலை ஆறு, ஆறரைக்கே இட்லி கிடைக்கும். இரவு பத்தரை வரை ஏதாவது இருக்கும். நேரத்துக்குச் சாப்பிட்டு மாத்திரை போடவேண்டியவர்களுக்கு இது பெரிய வசதி, இதற்கு மேல் அங்கே எதிர்பார்க்கவேண்டாம். நல்ல சிறு விடுதியில் வேறு கதை. சொதி, இஞ்சிப் பச்சடி, உளுந்தங்களி, கூட்டாஞ்சோறு என்று கடையில் கிடைக்காததை அங்கே சாப்பிடலாம். ஆனால் சொதி வேண்டுமானால் முந்தின மாலையே சொல்லவேண்டும். தேங்காய் துருவி முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியே பிழியும் வேலை அது. மதியம் பன்னிரண்டுக்கு வந்து கேட்டால் சாம்பார்தான். காலைச் சாப்பாடு எட்டு மணிக்குமுன் தயாராகாது. ஆறு மணிக்குப் பாபநாசம் கிளம்புகிறவர்கள் ஃபிளாஸ்க்கில் காப்பியும் பொட்டலமாக இட்லியும் கட்டித் தரமுடியுமா என்று முதல் நாளே கேட்டுவிடலாம்; பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

எந்த நாளில் வருகிறீர்கள்

வாடகை ஏறுவதும் அறை கிடைக்காமல் போவதும் இங்கே பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான். பங்குனி உத்திரத்துக்குச் சீமை முழுதும் குலசாஸ்தா கோயிலைத் தேடி வந்து இறங்கும். மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேனெடுத்து வருகிறவர்கள் ஜங்ஷனில்தான் கும்பலாக அறை போடுவார்கள். ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம், ஐப்பசியில் திருச்செந்தூர் கந்த சஷ்டி, ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் என்று வருடம் முழுக்க இப்படி நாட்கள் உண்டு. தேரோட்ட நேரத்தில் டவுன் ரத வீதிகளில் வண்டி விடமாட்டார்கள். அந்தப் பக்கத்துச் சிறு விடுதி என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும்.

குற்றாலம் தனிக் கணக்கு. தென்மேற்குப் பருவமழை இறங்கும் ஆனி, ஆடி, ஆவணியில்தான் சீசன். சனி ஞாயிறு வாடகை இரண்டு மடங்காவது சாதாரணம். அருவியில் வெள்ளம் கூடினால் குளிக்கத் தடை போடுவார்கள், அது எந்த நிமிடமும் வரலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோன பிறகு கட்டுப்பாடு கூடியிருக்கிறது, அது சரிதான். ஆகவே அருவிக்காக மட்டும் முழுப் பணமும் முன்கூட்டிக் கட்டி, திருப்பித் தராத அறையை எடுக்கவேண்டாம். வார நாளில் வந்தால் அதே அறை பாதி விலையில் கிடைக்கும், ஐந்தருவியில் நிற்கவும் இடம் இருக்கும். சாரல் காலத்தில் அங்கே துணி காயாது. பழைய வீட்டு விடுதியோ புது ஹோட்டலோ, கொடி கட்ட மழைபடாத இடம் இருக்கிறதா என்பதே அருவிக்கரைப் பயணத்தில் மிக உருப்படியான கேள்வி.

ஆற்றங்கரை, வயல்வெளி என்று விளம்பரம் செய்யும் இடங்களின் படங்கள் எப்போது எடுத்தவை என்று பார்க்கத் தெரியவேண்டும். இந்தப் பக்கம் கார், பிசானம் என்று இரண்டு போகம். ஜூனில் தொடங்கும் காரில் ஆடி, ஆவணி வாக்கிலும், ஐப்பசிக்குப் பின் வரும் பிசானத்தில் மார்கழி, தை வாக்கிலும் வயல் பச்சையாக இருக்கும். பள்ளி விடுமுறை என்று ஏப்ரல், மே மாதங்களில் வந்தால் அறுத்த தாளும் வெடித்த மண்ணும்தான் ஜன்னலுக்கு வெளியே. கால்வாயிலும் அப்போது தண்ணீர் இராது. விடுதிக்காரர் பொய் சொல்லவில்லை. படம் தை மாதத்தது.

மழைக்காலம் இன்னொரு பக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன் பேருந்து நிலைய வட்டாரத்தையே மூழ்கடித்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்றது. ஆண்டுதோறும் அப்படி நடக்காது. ஆனாலும் வடகிழக்குப் பருவமழையில், அதாவது ஐப்பசி முதல் மார்கழி வரை, ஜங்ஷன் ஹோட்டலின் தரைக்கீழ் பார்க்கிங்கில் வண்டியை விடாமல் மேட்டில் நிறுத்துவதும், ஆற்றங்கரை விடுதியில் கீழ் அறையை விட்டு மேல் அறையை எடுப்பதும் அந்த மாதங்களுக்கான ஏற்பாடு. வெயில் காலத்துக்குச் சொன்னது இங்கே தலைகீழ்.

காசும் ரசீதும்

அறை வாடகைக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். பழைய 12 சதவீதத்தை இன்னும் வாயால் சொல்கிற ரிசப்ஷன் இருந்தால் ரசீதைக் கேளுங்கள். 15 எழுத்துள்ள பதிவு எண் ரசீதில் இருந்தால்தான் வரியை வசூலிக்கலாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சிறு விடுதி பதிவு செய்யாமலே நடக்கலாம். அவர்கள் வரி என்று தனியாக வாங்கக்கூடாது. அலுவலகத்தில் பில் கொடுத்துப் பணம் வாங்கவேண்டியவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே பெரிய ஹோட்டலுக்குப் போவது நல்லது.

முன்பதிவுத் தளங்கள் விடுதிக்காரரிடம் கணிசமான கமிஷன் எடுக்கின்றன. அதனால் நேரில் பேசினால் சிறு விடுதிகளில் வாடகை குறையும், அல்லது காலைச் சாப்பாடாவது சேரும். பெரிய ஹோட்டலில் சில சமயம் தளத்தில்தான் மலிவு, இரண்டையும் பார்த்துவிடுங்கள். நேரடியாக யு.பி.ஐ.யில் முன்பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயர் விடுதியுடையதா, உரிமையாளருடையதா என்று பார்க்கவேண்டும். வரைபடத்தில் ஹோட்டல் பெயருக்குக் கீழே வேறு யாருடைய எண்ணையோ ஏற்றிவைத்துப் பணம் பறிக்கும் வேலை எல்லா ஊரிலும் நடக்கிறது. முழுப் பணமும் முன்னால் கேட்கிற இடத்தைவிட ஒரு நாள் வாடகையில் பாதி கேட்கிற இடம் மேல்.

எக்ஸ்ட்ரா பெட் என்றால் பெரும்பாலும் தரையில் போடும் மெத்தை. விலை 500-ஆ 1,000-மா என்று முன்பே தெரிந்துகொள்ளலாம். வாடகைக் காரில் வருகிறவர்கள் டிரைவர் எங்கே படுப்பார் என்பதைக் கேட்காமல் அறை போடுகிறார்கள். பெரிய ஹோட்டல்கள் சிலவற்றில் டிரைவர்களுக்குப் படுக்கை, குளியலறை உண்டு. சிறு விடுதியில் கிடையாது. இரவெல்லாம் வண்டிக்குள் கொசுக்கடியில் கிடந்தவர் மறுநாள் மலைப்பாதையில் ஓட்டவேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். டெம்போ டிராவலர் என்றால் தெரு அகலமும் முக்கியம். அக்ரகாரத் தெருவில் நுழைந்துவிடும், திரும்ப முடியாமல் பின்னாலேயே வரவேண்டியிருக்கும்.

அடையாள அட்டைக்கு ஆதார் நகல் கேட்டால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால், அவரைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் இணையம் வழி அரசுக்குத் தகவல் தருவது விடுதியின் கடமை. பெரிய ஹோட்டலில் இது தினசரி வேலை. பல சிறு விடுதிகளில் அதற்கான பதிவே இருக்காது, வாசலில் வந்து நின்றபின் கைவிரிப்பார்கள்.

போனில் கேட்பது

சிறு விடுதிகளில் தளத்தில் இருக்கும் எண்ணை எடுப்பவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் உரிமையாளராக இருக்கலாம். அவருக்கு வீட்டின் சரித்திரம் தெரியும், இன்று மோட்டார் ஓடுகிறதா என்பது தெரியாது. அங்கே இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளின் எண்ணை வாங்கி அவரிடம் பேசுங்கள். ‘அண்ணாச்சி, ராத்திரி நீங்க அங்கதான் படுப்பீங்களா?’ என்பது முதல் கேள்வி. இரவில் ஆளே இல்லாத, சாவியைப் பூச்சட்டியடியில் வைத்துவிட்டுப் போகிற இடம் பெண்கள் தனியாக வரும் பயணத்துக்கும் நோயாளி உள்ள குடும்பத்துக்கும் ஆகாது. குடும்பமே அங்கே குடியிருக்கிறது என்றால் பெரிய ஹோட்டலைவிட அது பத்திரம். அடுத்து, இந்த நேரத்துக்கு வருகிறோம், இத்தனை பேர், இன்னது வேண்டும் என்று சொல்லுங்கள். ‘கண்டிப்பா இருக்கு’ என்றால் இருக்கிறது. ‘வாங்க, பாத்துக்கிடலாம்’ என்று வந்தால் இல்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த எண்ணைப் போடுங்கள். நெல்லைக்காரர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார், போனிலும் அப்படியே.

வழி கேட்கும்போது தெருப் பெயரை மட்டும் வாங்கினால் போதாது. சன்னதித் தெருவும் மாட வீதியும் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. எந்தக் கோயில், கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் ஆட்டோக்காரருக்குச் சொல்ல வசதி. வரைபடத்தில் ஜங்ஷன் ஹோட்டல் முந்நூறு மீட்டர் என்று காட்டினாலும், ஈரடுக்கு மேம்பாலத்து நெரிசலில் இரண்டு பெட்டியோடு ரோட்டைக் கடப்பது வேறு அனுபவம். அந்த நேரத்தில் ஆட்டோ பேசுவதில் வெட்கமில்லை.

இரண்டையும் பிரித்துக்கொள்வது

மூன்று இரவுப் பயணத்துக்கு எங்கள் தீர்ப்பு இதுதான்: முதல் இரண்டு இரவு சிறு விடுதி, கடைசி இரவு ஜங்ஷன். காலை ஆறு மணி வந்தே பாரத்தைப் பிடிக்க அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து நாலேகாலுக்காவது காரில் ஏறவேண்டும், ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம். குற்றாலத்திலிருந்து என்றால் சுமார் 60 கிலோமீட்டர், மூன்றரைக்கே கிளம்புவது நல்லது. அந்த நேரத்துக்கு வருகிறேன் என்று சொன்ன டிரைவர் தூங்கிவிட்டால் மாற்று வண்டி கிடைக்காது. பயணத்தில் தவறினால் திருத்தமுடியாத ஒரே இடம் அதுதான். இரவு பத்தரைக்கு வந்து இறங்குகிறவர்களுக்கும் இதே கணக்கைத் திருப்பிப் போடலாம்: முதல் இரவு ஜங்ஷன், மறுநாள் காலை நிதானமாக எழுந்து செங்கோட்டைப் பாசஞ்சரில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி வழியே போனால் கார் வாடகையும் மிச்சம், ஜன்னலோரமும் கிடைக்கும். ஒரே இரவு மட்டும் என்றால் சிறு விடுதியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மதியம் ஒன்றுக்கு நுழைந்து மறுநாள் பத்துக்கு வெளியேறும் வாடகையில் பட்டாசலில் உட்காரக்கூட நேரம் இராது.

ஜங்ஷனில் கடைசி இரவு தங்கும்போது, அல்வா வாங்குகிற வேலையை மாலையிலேயே முடித்துவிட்டு, அறைக்குத் திரும்பியதும் ரிசப்ஷனில் பில்லைப் போடச் சொல்லிக் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். கொடுத்த முன்பணத்தில் மீதி இருந்தால் அப்போதே வாங்கிவிடவேண்டும். காலை ஐந்தரைக்கு ரிசப்ஷன் ஆள் எழுந்திருப்பார், கல்லாச் சாவி அவரிடம் இருக்காது.